அலைத்தடங்களின் கூட்டு

கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலைகளே, வைஃபை என்னும் பெயரால் இன்று இல்லந்தோறும் செய்தி சுமந்து வருகின்றன. அவ்வலைகள் செல்லுதற்கு வகுத்த பகுதிகளைத் தடங்கள் என்பர். ஒரு தடத்தின் அகலம் வழக்கமாக 20 மெகாஹெர்ட்ஸ். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 802.11என் என்னும் நெறிமுறை, அடுத்தடுத்த இரு தடங்களை இணைத்து 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்க வழிசெய்தது. பின்வந்த நெறிமுறைகள் அதனை 80, 160, 320 என விரித்தன.

இதன்கண் என்னை வியப்பில் ஆழ்த்தியது ஒரு கணக்கு. ஒரு தடத்தில் செய்தி சுமக்கும் துணை அலைகள் 52. இரு தடங்கள் கூடினால் 104 ஆதல் வேண்டும்; ஆனால் 108 ஆகின்றன! மிகுந்தவற்றுள் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? ஒன்றன் அலை மற்றொன்றிற் கலவாதிருத்தற்பொருட்டுத் தடங்களின் ஓரத்தில் வெற்றிடம் விடுவர். அடுத்தடுத்த இரு வயல்களுக்கு ஒருவரே உரியவராயின் நடுவரப்பு எதற்கு? அதனை நீக்கினால் அம்மண்ணிலும் நெல் விளையும். அவ்வாறே நடுவெற்றிடமும் பயன் தருகின்றது. ஓர் ஆண்டெனா வழியே நொடிக்கு 65 மெகாபிட் அனுப்பும் கருவி, தடங்களை இணைத்தபின் 135 மெகாபிட் அனுப்பும்.

ஆயினும், அகலம் இரட்டித்தாலும் கருவியின் ஆற்றல் இரட்டிப்பதில்லை. ஒரு வயலுக்குரிய எருவை இரு வயல்களுக்கு இட்டாற்போல ஆற்றல் பகிர்ந்து போவதால், அலை எட்டும் தொலைவு குறைகின்றது.

இதனினும் பெரியதொரு செய்தி உண்டு. வயல் நமதாயின் வரப்பை நீக்கலாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியோ உரிமமின்றி யாவரும் புழங்கும் பொதுநிலம். அங்கே ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. நான் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில், என் பெயர்த்தியின் கைப்பேசி அண்டை வீடுகளின் கருவிகள் 14-ஐக் காட்டிற்று. அவற்றுள் ஒன்று இரு தடங்களைக் கவர்ந்துகொண்டால், ஏனையோர்க்கு இடையூறின்றி எஞ்சுவது ஒன்றே. பிறர் பேசுங்கால் பொறுத்திருந்து பின் பேசுவது இக்கருவிகளின் இயல்பு. ஆதலின் அண்டை வீட்டார் காத்திருப்பர். இரு தடங்களும் ஒருங்கே ஓயவேண்டியிருத்தலின், இணைத்தவரும் காத்திருப்பார். இது கருதியே, இப்பகுதியில் பிறர் இருப்பதை அறிந்தால் 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கும் முறையை நெறிமுறை வகுத்துள்ளது.

மாணவர்களே! உங்கள் இல்லத்துக் கருவியில் தடத்தின் அகலத்தைத் தேரும் வாய்ப்பு வருமாயின், சுவருக்கு அப்பால் இருப்பவரையும் எண்ணுங்கள். நெருங்கிய குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 20 மெகாஹெர்ட்ஸே தக்கது. விரைவு வேண்டுவோர் தடங்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இணைத்துக்கொள்ளலாம்.