மணி நகர்த்திய மருத்துவச்சிகள்

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது கட்சிரோலி மாவட்டம். மூங்கிலும் தேக்கும் இலுப்பையும் மண்டிய காடு. நடுநடுவே கோண்டு பழங்குடியினரின் சிற்றூர்கள். கட்சிரோலி நகரிலிருந்து தானோரா செல்லும் சாலையில் இருக்கிறது ஷோத்கிராம். டாக்டர் தம்பதியான அபய் பங்கும் ராணி பங்கும் 1986-இல் தொடங்கிய 'செர்ச்' அமைப்பின் இருப்பிடம்.

பெரிய ஆஸ்பத்திரி பயமாக இருக்கிறது, உறவினரை உடன் தங்க விடுவதில்லை என்று பழங்குடியினர் முறையிட்டார்கள். அதனால் இங்கே மருத்துவமனையே ஒரு கிராமம்போலக் குடில்களாக அமைந்தது. பெயரும் அவர்கள் கும்பிடும் தந்தேஸ்வரி அம்மன் பெயர்தான்.

ஆனால் பிள்ளைகள் பிறந்தது அந்தக் குடில்களில் அல்ல, ஊரில், வீட்டில். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் டாக்டர் போய்ச் சேர முடியாது. அங்கே எப்போதும் இருந்தவர் மருத்துவச்சி. மராத்தியில் சுயீண். பேறுகாலம் பார்ப்பதில் கைதேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

குழந்தைக்கு நிமோனியாவா என்று அறிய ஒரு நிமிட மூச்சை எண்ண வேண்டும். ஐம்பது வரை எண்ணத் தெரியாதவர் என்ன செய்வார்? அதற்காக டாக்டர்கள் ஓர் எளிய கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் மருந்து கொடுக்க வேண்டும். மருத்துவச்சியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கருவிதான் அவர் கைக்கு ஏற்றபடி வளைந்தது.

அடுத்த கட்டம் 39 கிராமங்களில். பிரசவத்தின்போது மருத்துவச்சி தாயைக் கவனித்தார். ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் பக்கத்திலிருந்து குழந்தையைக் கவனித்தார்: மூச்சுவிடாத சிசுவுக்கு மூச்சூட்டுவது, கதகதப்பாகப் போர்த்துவது, நோய்த்தொற்று கண்டால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது. டாக்டர்கள் பயிற்சி தந்தார்கள், மேற்பார்வையிட்டார்கள். ஊசி டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும் என்ற பழைய எல்லை இங்கே அழிந்தது.

பலன்? பிறந்த 28 நாளுக்குள் இறந்த சிசுக்கள் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்தது, சில ஆண்டுகளில் சுமார் 25 ஆனது. 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. 2011-இல் மத்திய அரசு, பிறந்த குழந்தையை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பணியை நாடெங்கும் ஆஷா பணியாளர்களிடம் ஒப்படைத்தது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரிகளில்தான். நல்ல மாற்றம்தான். ஆனால் வலி கண்ட பெண்ணின் தலைமாட்டில் அமர்ந்து, அவள் மொழியிலேயே தைரியம் சொன்ன கிழவிக்குப் பிரசவ அறையில் நாற்காலி போடவில்லை. அவர் கையை நம்பி மணிகளைக் கொடுத்த கட்சிரோலி, அந்த நாற்காலியைப் பற்றி யோசிக்க வைக்கிறது.