முன்வரிசையில் யார் நிற்பது?



இலங்கை உதைபந்தாட்ட அணியின் முன்வரிசையை எப்படித் திருத்துவது என்ற வாக்குவாதம் எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று வருடமாக நடக்கிறது. பின்னேரம் அது காங்கேசன்துறைக் கடற்கரைக்கும் வந்துவிடும். கிரிக்கெட் என்றால் நாடே சேர்ந்து சண்டை பிடிக்கும். இதற்கு நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை.

எங்களுக்குள் இரண்டு கட்சி. ஒன்று கடவுச்சீட்டுக் கட்சி. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து முன்னுக்கு விட்டால் போதும் என்பவர்கள். மற்றது ஊர்க் கட்சி. இங்கே வெயிலில் ஓடுகிறவனை வெளியே இருத்திவிட்டு விமானத்தில் வருகிறவனுக்கு ஏன் 9ஆம் இலக்கச் சட்டை என்று கேட்பவர்கள். ஊர்க் கட்சிக்குத் தலைவர் எங்கள் கணித சேர். 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தென்னாசியக் கிண்ணம் எடுத்தோமே, அப்போது எவன் வெளிநாட்டிலிருந்து வந்தான் என்று அவர் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். அந்த வருடம் ஒக்ரோபரில் வலிகாமமே ஒரே இரவில் வெறுமையானது, அதையும் சேர்த்து நினையுங்கோ சேர் என்று எங்களில் யாராவது சொல்ல, கொஞ்ச நேரம் அமைதி.

கணக்கைப் பார்ப்போம். 2019 இல் தென்கொரியா எங்களுக்கு 8 கோல் போட்டது. பின்வரிசையைத் திட்டினோம். ஆனால் அந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் குழுச்சுற்று முழுக்க இலங்கை போட்ட கோல் வெறும் 2. இரண்டும் 2021 ஜூனில், லெபனானிடம் 3-2 என்று தோற்ற ஆட்டத்தில். இரண்டையும் போட்டவர் வசீம் ராசிக். ஜெர்மனியில், பேர்லினில் பிறந்தவர். மற்ற ஆட்டங்களில் எதிரணியின் கோல் காப்பாளர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இருந்திருக்கலாம்.

பிறகு 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை வந்தது. ஓகஸ்ட்டில் தடை நீங்கி, ஒக்ரோபரில் யேமனிடம் அங்கே 3-0 என்று தோற்று, இங்கே 1-1 என்று சமன் செய்து வெளியேறினோம். 2024 இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரி பயிற்றுநராக வந்தார். முன்பு நேபாளத்தைப் பயிற்றியவர். அணியின் முகம் மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா, அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவர் கெலார்ட், இப்படி வரிசையாகப் பெயர்கள். 2024 செப்டெம்பர் 10 ஆம் திகதி கம்போடியாவில் 2-2 என்று முடிந்து தண்ட உதையில் வென்ற ஆட்டத்தை ஒரு போனைச் சுற்றி ஆறு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். நெற் நின்று நின்று வந்தது. வென்ற செய்தி எங்களுக்குக் காட்சியாக வரமுதல் யாரோ ஒருவரின் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அடுத்த ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றோம். மூன்று கோல்! அன்று கணித சேரும் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு, கைதட்டியது கோலுக்கு, கொள்கைக்கு இல்லை என்றார்.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'வெளிநாட்டான்'. காங்கேசன்துறையில் நின்றுகொண்டு இந்தச் சொல்லைச் சொல்லலாமா? இங்குள்ள சனம் 1990 ஜூனில் எழும்பிப் போனது. முகாம்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருபது, இருபத்தைந்து வருடம் இருந்து, காணி விடவிடத் திரும்பி வந்தது. சிலருடைய காணி இன்னும் விடப்படவில்லை. அதே வருடம் ஒக்ரோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களான எங்களை வெளியேற்றினார்கள். எங்களில் பலர் எழுதப் படிக்கவும் பந்து அடிக்கவும் பழகியது புத்தளத்து மண்ணில். அங்கே எங்களுக்குப் பெயர் 'அகதி'. திரும்பி இங்கே வந்தால் 'புத்தளத்து ஆள்'. ஆகவே ஒரு பிள்ளை எங்கே வளர்ந்தான் என்பதை வைத்து அவன் யாருடையவன் என்று தீர்க்கிற வேலை எங்களுக்குச் சரிவராது. வேல்ஸில் பிறந்து பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடுகிற விமல் யோகநாதனை எடுங்கள். தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. வேல்ஸின் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். அவர் இலங்கைச் சட்டை போட்டால் ஊர்க் கட்சி என்ன சொல்லும் என்று கேட்டோம். கணித சேர் தேநீரைக் குடித்தார்.

எங்களுக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. இந்தியாவுக்கு அது இல்லை. இந்தோனேசியா நெதர்லாந்தில் பிறந்த தன் வம்சாவளிப் பிள்ளைகளைக் கொண்டு 2026 உலகக் கிண்ணத் தகுதிகாணில் நான்காம் சுற்று வரை போனது. கதவு திறந்திருக்கும்போது மூடிவைப்பது புத்தியில்லை. இதுவரை நாங்கள் கடவுச்சீட்டுக் கட்சிதான்.

ஆனால் கணித சேர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் போட்டி என்றால் அநேகமாக ஞாபகார்த்தக் கிண்ணம், விலகல் முறை. 16 அணி வந்தால் மொத்தம் 15 ஆட்டம். 8 அணிக்கு ஒரே ஒரு ஆட்டம், அதோடு வீட்டுக்கு. இறுதிக்குப் போகிற இரண்டு அணிக்கு மட்டும் 4. அதே 16 அணியும் லீக் முறையில் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் ஒவ்வொரு அணிக்கும் 15 ஆட்டம். "இப்ப சொல்லுங்கோ, முன்னுக்கு நிக்கிறவன் எங்க பழகுறது?" என்று சோக்கை வைத்தார்.

பின்காவலன் பயிற்சியிலும் ஓரளவு உருவாகிவிடுவான் என்பது எங்கள் எண்ணம். முன்கள வீரன் ஆட்டத்தில்தான் உருவாகிறான். பந்து தன்னிடம் இல்லாத எண்பத்தைந்து நிமிடத்தில் எங்கே நிற்பது, காவலனின் பார்வை பந்தில் இருக்கும்போது அவன் முதுகுப்பக்கம் எப்போது ஓடுவது, குறுக்கே வரும் பந்துக்கு கிட்டக் கம்பத்துக்கா எட்டக் கம்பத்துக்கா என்பதெல்லாம் பத்துத் தரம் பிழைவிட்டுப் பழக வேண்டியவை. ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போகிற போட்டியில் பிழைவிட யாருக்குத் துணிவு வரும்? பயிற்றுநரும் உயரமானவனை முன்னுக்கு விட்டு நீளமாக அடியுங்கோ என்பார். கெட்டிக்காரச் சின்னவன் வாங்கிலில் இருப்பான்.

2021 இல் நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்று சூப்பர் லீக் வந்தது. 10 கழகங்கள். கொழும்பு, பேருவளை, களுத்துறை, வென்னப்புவ, நாவலப்பிட்டி எல்லாம் இருந்தன. வடக்கிலிருந்து ஒன்றும் இல்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலோரக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம் இருக்கிறது. பக்கத்துத் தெல்லிப்பழையில் மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் தூக்கியிருக்கிறார்கள். ஆள் இல்லாமல் விடப்பட்ட இடம் இல்லை இது.

எங்களிடம் படிக்கிற பிள்ளை ஒருவன், பெயர் வேண்டாம். தகப்பன் கடற்றொழில். கண் தெரியாத பக்கத்தால் ஓடுகிற அந்த வித்தை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே இருக்கிறது, மாஷா அல்லாஹ். சென்ற வருடம் ஒரு தெரிவு முகாமுக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். நானூறு கிலோமீற்றர், இரவு பஸ். விடியப் போய் இறங்கி முகம் கழுவிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். இருபது நிமிடம் விட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் அவனிடம் பந்து இரண்டு தரம் வந்தது. திரும்பி வரும் வழியில் அனுராதபுரம் வரை ஒரு சொல் பேசவில்லை. பிறகு, "சேர், ஜெர்மனியில இருக்கிற பொடியளுக்கும் இருபது நிமிசம்தானோ?" என்று கேட்டான்.

ஆகவே இப்போது எங்கள் நிலைப்பாடு இரண்டு கட்சிக்கும் நடுவில். முதல் பதினொருவரில் வெளியில் வளர்ந்த பிள்ளைகள் ஆடட்டும். அவர்கள் போடுகிற கோல்தான் மைதானத்துக்குச் சனத்தைக் கொண்டுவருகிறது. ஆனால் மாற்று முன்கள வீரர்களாக இங்கே வளர்ந்த 21 வயதுக்குட்பட்ட இருவராவது ஒவ்வொரு முகாமிலும் இருக்க வேண்டும். வடக்கு கிழக்குக் கழகங்கள் வருடம் முழுக்க ஆடுகிற லீக் ஒன்று வேண்டும். தெரிவுக்கு ஆட்கள் இங்கே வந்து முழு ஆட்டம் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அவர்களும் ஒருமுறை நித்திரை முழிக்கட்டும். 'மாற்று வீரர்' என்ற சொல்லையே கணித சேர் ஏற்கவில்லை. முதல் பதினொருவரில் ஒருவனாவது என்கிறார். பேச்சுவார்த்தை தொடர்கிறது.

அவனுக்கு இந்த வருடம் இனி இரண்டு ஆட்டம்தான் மிச்சம், முதலாவதில் வென்றால். பிறகு சாதாரண தரப் பரீட்சை. மாமா ஒருவர் பிரான்சுக்கு எடுக்கிறதாகச் சொல்லியிருக்கிறாராம்.