பூட்டும் வீட்டின் தண்ணீர்

பூட்டிக் கிடக்கிற வீட்டில் முதலில் கெடுவது தேக்குக் கதவும் இல்லை, ஆத்தங்குடிக் கல்லும் இல்லை, குழாயும் கீசரும்தான். காரைக்குடி செக்காலையில் குடியிருந்துகொண்டு, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவுக்காரர்களின் சாவிக்கொத்துகளை ஆணியில் மாட்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வருவார்கள். நாலு நாள் வீடு கலகலக்கும். பிறகு பூட்டுதான். அடுத்து எப்போது திறக்கும் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெந்நீர் பின்கட்டில் செம்பு அண்டாவில் காய்ந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீர்கூட வளவு முற்றத்தில் விழுந்து ஓடிவிடும். அதே வீடுகளில் இப்போது அறைக்கு ஒரு பாத்ரூம். சுண்ணாம்புச் சுவரைக் கொத்தி பைப்பைப் புதைத்து மேலே பூசியாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் என்று விருந்தாளிகளுக்குத் தடவிக் காட்டுகிறோம். பக்கத்துச் சுவருக்குள் ஓர் எல்போ கசிந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், பழைய வீட்டில் பைப் வெளியிலேயே ஓடட்டும். பார்க்க லட்சணமாக இருக்காதுதான். ஆனால் கசிந்தால் கண்ணில் படும்.

கனடாவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் வண்டி வீடு வைத்திருக்கிறார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். கோடை முடிந்ததும் அதைப் பூட்டி நிறுத்துவதே ஒரு நாள் வேலை என்கிறார். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். குழாயில் மிச்சம் இருந்தால் வெடித்துவிடும். அதனால் ஹீட்டரை வடித்துவிட்டு, அதற்குப் போகும் வழியை வால்வால் அடைத்துவிட்டு, ரோஜா நிறத்தில் ஒரு திரவத்தைக் குழாய்களுக்குள் பம்பு செய்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் ரோஜா நிறம் வரும்வரை திறந்து வைக்க வேண்டும். அது புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைப் போல விஷமில்லை. அந்த வண்டி ஹீட்டர் ஆறு காலன் பிடிக்கும். நம் பாத்ரூமில் தொங்கும் 25 லிட்டர் கீசரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இங்கே உறைபனி இல்லை. உப்பும் தேக்கமும் இருக்கின்றன.

சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பேசாத காரைக்குடிக்காரர் கிடையாது. போர் தண்ணீரின் கதை தெருவுக்குத் தெரு வேறு. கடினத் தண்ணீரைக் காய்ச்சினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து கீசர் காயிலைச் சுற்றி வெள்ளையாக ஏறும். ஏற ஏறச் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். ஒருநாள் காயில் போய்விடும்.

கீசரை வடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாடி டேங்க் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் கொஞ்சம் ஒழுகி நின்றுவிடும். காலி என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். வெந்நீர் வெளியேறும் குழாய் கீசருக்குள்ளே உச்சிவரை ஏறி நிற்கிறது; கீழிருந்து புதுத் தண்ணீர் தள்ளினால்தான் மேலுள்ளது வரும். உள்ளே வரும் பக்கத்திலோ திரும்பிப் போகவிடாத வால்வு. ஆகக் கீசர் நிறையத் தண்ணீர் அப்படியே நிற்கும். மெயினை அணைத்து, ஆறவிட்டு, ஆங்கிள் காக் வால்வை மூடி, காற்று புக வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அடியிலுள்ள சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்க வேண்டும். முதல் வாளி தெளிவாக வரும். கடைசியில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, சுண்ணாம்பு ஓட்டுத் துண்டுகள் வாளியில் கணகணவென்று விழும்.

காயிலைக் கழற்றினால் பக்கத்திலேயே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். புதிதில் கட்டைவிரல் கனம். சில வருஷம் கழித்துப் பார்த்தால் நடுவிலிருந்த இரும்புக் கம்பி மட்டும், அதிலும் அங்கங்கே சாம்பல் நிறப் பொருக்கு. கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். கெடுவதற்கென்றே வைத்தது அது. இரும்பும் மக்னீசியமும் ஒன்றோடொன்று தொட்டபடி ஒரே தண்ணீரில் நின்றால் மக்னீசியம்தான் கரையும். அது கரையும்வரை கீசர் டேங்க் தப்பும். 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டுக்கு இந்த வித்தையைச் செய்தார். செம்பு அரிக்கவில்லை. ஆனால் அரிக்காத செம்பில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன! இந்த அரிப்புச் சாஸ்திரத்தைப் பற்றி வெளியூரில் போய்க் கேட்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில்தான் இருக்கிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்கிறவர்கள் இருக்கும் ஊரில், கீசருக்குள் அப்படியொரு கம்பி இருப்பதே பாதி வீடுகளுக்குத் தெரியாது.

சுவிட்சை அணைத்தாலும் கம்பி கரைவது நிற்காது. உள்ளே தண்ணீர் இருந்தாலே கரையும். ஒரு மாதப் பூட்டு என்றால் நிரப்பியே விடலாம். ஆறு மாதம் என்றால் வடிப்பதுதான் சரி என்பது என் கட்சி.

இன்னொன்று, பாத்ரூம் தரையில் இருக்கும் நானி ட்ராப். அதில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. சித்திரை வெயிலில் அது வற்றிவிடும். பூட்டும் முன் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் மேலே படலம் கட்டி, ஆவியாவது மட்டுப்படும். கனடாக்காரர் உறையாமலிருக்க அதே இடத்தில் ரோஜாத் திரவத்தை ஊற்றுகிறார். நாம் வற்றாமலிருக்க எண்ணெய்.

திறக்கும் நாள்தான் ஆபத்து. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் ராத்திரி வந்திறங்குகிறவர்கள் பெட்டியை வைத்ததும் முதலில் போடுவது கீசர் சுவிட்சை. உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் காயில் அப்போதே கருகிவிடும். அதனால் வடித்த கையோடு எங்கள் பிளம்பர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, “அண்ணே, டேப்பைப் பிரிக்கிறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். முதலில் நிரப்ப வேண்டும். வெந்நீர்க் குழாயில் காற்றுச் சீறல் நின்று தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்ச். வடிக்காமல் விட்ட வீடு என்றால் இன்னும் கவனம். மாதக்கணக்கில் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 1976-இல் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் பலரைக் கொன்றது அதுதான். குடித்து வருவதைவிட ஷவர் தூவலை மூச்சில் இழுத்து வருவதே அதிகம். பழைய தண்ணீர் முழுவதையும் ஓடவிட்டு, கீசரை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயாக ஓடவிட வேண்டும். இவ்வளவு தண்ணீரையும் சாக்கடைக்கா விடுவது என்று ஆச்சிகள் கோபிப்பார்கள். அவர்களுக்காகவே நாலு வாளியைப் பின்கட்டுத் தென்னைக்குச் சுமக்க வேண்டியிருக்கிறது.