மாதிரியில் வராத பாட்டில்

கண்ணாடிக்கு வலு இல்லை என்று சொல்வது வழக்கம். கண்ணாடிக்கு வலு உண்டு. அதன் தோலுக்குத்தான் இல்லை. 1921இல் வெளியான ஒரு கட்டுரையில் ஏ. ஏ. கிரிஃபித் இதைக் கணக்காகவே காட்டிவிட்டார். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடியை இழையாக இழுத்து, அறும்வரை பளு ஏற்றிப் பார்த்தார். இழை மெலிய மெலிய, அதே குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் பளு கூடிக்கொண்டே போயிற்று. மிக மெல்லியது, தடித்ததைப்போல் சுமார் 20 மடங்கு தாங்கியது. பொருள் ஒன்றுதான். தடித்ததில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களுக்கு இடம் அதிகம். ஏற்றிய பளு அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது.

ஆக, ஒரு பாட்டிலின் வலு என்பது அதன் குணம் என்பதைவிட அதன் சரித்திரம் என்று சொல்லலாம். அதன் மேல்தோல் பழுதில்லாமல் இருப்பது அச்சிலிருந்து வெளிவரும் கணத்தில்தான். பிறகு பக்கத்துப் பாட்டில் உரசுகிறது, இரும்பு உரசுகிறது, கை படுகிறது. சூடாக இருக்கும்போதே வெள்ளீய ஆக்ஸைடும், ஆறியபின் மெழுகு போன்ற ஒன்றும் மேலே பூசுகிறார்கள். உரசல் வழுக்கிப் போகட்டும் என்றுதான்.

சில வருஷங்கள் ஒரு பாட்டில் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தேன். வேலை எளிது. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கழுத்தைக் கவ்விப் பிடித்து, உள்ளே அழுத்தத்தை ஏற்ற வேண்டும். காற்றை ஏற்றுவதில்லை. அடைபட்ட காற்று விரிந்து சில்லுகளை வீசும். தண்ணீர் அநேகமாகச் சுருங்குவதே இல்லை என்பதால் பாட்டில் உடைந்த கணத்தில் அழுத்தமும் செத்துவிடும். குறித்த அழுத்தத்தில் 60 வினாடி வைத்திருப்பது ஒரு முறை. உடையும்வரை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போவது இன்னொரு முறை. வினாடிக் கணக்கு எதற்கு? காலமும் ஒரு பளு. ஒரு நொடி தாங்கியதை ஒரு மணி நேரம் தாங்க முடியாமல் போகும். ஈரம் கீறலின் நுனிக்குள் புகுந்து அதை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டிருக்கிறது.

உடைந்த பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை. சில்லுகளைப் பொறுக்கிப் பொருத்திப் பார்ப்பது. உருளையான சுவரில் இழுவிசை, நெட்டுவாக்கில் உள்ளதைவிடச் சுற்றுவாக்கில் இரண்டு மடங்கு. ஆகவே பிளவு நெட்டுக்குத்தாகப் புறப்பட்டுப் பிறகு கிளை விடுகிறது. புறப்பட்ட இடத்தில் வழவழப்பாக ஒரு பளபளப்பு, அதைச் சுற்றி ஒரு மங்கல், அதற்கப்பால் சொரசொரப்பு. கிளைகள் நிறைய இருந்தால் நிறையத் தாங்கிவிட்டு உடைந்தது. ஒன்றிரண்டோடு நின்றால் சொற்ப அழுத்தத்திலேயே போயிற்று. பாட்டிலில் பதிந்திருக்கும் அச்சு எண்ணைப் பார்த்து எந்த அச்சில் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த பாட்டிலின் வலுவை நான் உண்மையாக அறிந்தேனோ அது இப்போது இல்லை. கடைக்குப் போகிற பாட்டிலை நான் அறியேன். தீர்ப்பு அதற்கு, விசாரணை நடந்ததோ வேறொன்றுக்கு.

உடைந்த கண்ணாடியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஃப்ராங்க் பிரெஸ்டன். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் கண்ணாடி ஆய்வுக்கூடம் நடத்தியவர். பிளவு கிளை பிரியும் கோணத்தைப் பற்றி 1935இல் எழுதினார். அதே மனிதர் 1948இல் பறவைகளையும் விட்டில்களையும் வைத்து, இனங்களின் மிகுதியையும் அருமையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சூழலியலில் இன்றும் பேசப்படுகிற கட்டுரை அது. மாதிரியில் அகப்படுவது மலிந்த இனங்கள். அரிய இனங்கள் ஒரு திரைக்குப் பின்னால் நிற்கின்றன. மாதிரியைப் பெருக்கினால் திரை சற்றுப் பின்வாங்குகிறது. இந்த எண்ணம் அவருக்குச் சில்லுகளுக்கு நடுவில் தோன்றியதா, பறவைகளுக்கு நடுவில் தோன்றியதா என்று நான் ஆராயவில்லை. சோதனை அறையில் இருந்தவனுக்கு அந்தத் திரை பழக்கமானது. பலவீனமான அந்த ஒரு பாட்டில் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

அதன் எதிரில் ஒரு ஆள் நிற்கிறான் என்பதுதான் விஷயம். கொள்ளளவைப்போல் நான்கு பங்கு வாயு கரைந்த சோடா, 20 டிகிரி வெப்பத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் நாலரை மடங்கு அழுத்துகிறது. 40 டிகிரியில் அது ஏழைத் தாண்டிவிடுகிறது. சித்திரை வெயிலில் பெட்டிக்கடை வாசலில் அடுக்கிய பாட்டில், பலமுறை திரும்பி வந்து கழுவி நிரப்பியதாக இருந்தால், தோளிலும் அடியிலும் வெளுத்த வளையம் தெரியும். உரசலின் கையெழுத்து. நாங்கள் சோதித்தது இந்தக் கையெழுத்து விழாத பாட்டிலை. அதனால்தான் புதியதிடம் தேவையைப்போல் பல மடங்கு கேட்கிறோம். சோடாக் கடைக்காரர் வாயு ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் அவர் கண்ணுக்கு அதனால் லாபமில்லை. ஆகக் குறைந்தது எவ்வளவு என்பதே அவர் கேள்வி.

நம்மிடையே இந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. தொகுப்பாளன் ஆக உயர்ந்ததை எடுத்துக் காட்டிச் சராசரி இதுதான் என்கிறான். விமர்சகன் மூன்று கவிதைகளைப் போட்டு உடைத்துவிட்டு, முந்நூறுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறான். தொழிற்சாலைக்காரன் மாதிரி எடுப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. கவிதை அப்படியல்ல. எத்தனை அழுத்தம் கொடுத்துப் படித்தாலும் அது முழுசாக அங்கேயே இருக்கிறது. மறுநாள் இன்னொருவன் வந்து படிக்கலாம். ஒவ்வொன்றையும் சோதிக்க முடிகிற ஒரே சரக்கை வைத்துக்கொண்டு, மாதிரி எடுத்தால் போதும் என்கிறோம். இதற்கு நம்மிடம் என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. சோம்பல் என்ற ஒன்றைத் தவிர.