சூளையில் சுருங்கும் பல்

பெரியப்பாவுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று போய் மூன்று வருஷம். உலோகம் கலக்காத செராமிக்கில் பல் கட்டலாம் என்று கேள்விப்பட்டு, திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தேன்.

"பக்கத்துப் பல் ரெண்டையும் அராவணும் ஐயா" என்றார் டாக்டர்.

"ஏம்மா, இருக்கிற பல்லைக் குறைச்சா இல்லாத பல்லைக் கட்டுறது?"

நியாயமான கேள்வி. இப்படிக் கட்டும் பல்லுக்குப் பாலம் என்றே பெயர்; பாலத்துக்கு இரு கரையிலும் தூண் வேண்டும். சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அராவினால்தான் உறை உட்காரும். அராவியது திரும்ப வளராது. பெரியப்பாவுக்கு அந்த இரண்டுமே ரூட் கெனால் செய்து பெரிதாக அடைத்த பற்கள், எப்படியும் உறை போட வேண்டியவை. சம்மதித்தோம்.

ஊசி போட்டு மரத்ததும் அராவி, அளவெடுத்தார்கள். "நல்லா வெள்ளையா வைங்க" என்றார் பெரியப்பா. டாக்டரோ 16 மாதிரிப் பற்கள் வரிசையாக நின்ற பட்டையிலிருந்து, மஞ்சள் ஓடிய ஒன்றைத் தேர்ந்தார். அதுதான் அவர் வாய்க்குப் பொருந்தும்.

மறுநாள் அனுமதி கேட்டுப் பல் லேபுக்கும் போனேன். அந்தச் செராமிக்கின் பெயர் ஜிர்கோனியா; அதன் வட்டு பார்ப்பதற்குச் சாக்கட்டி மாதிரி. கணினி சொன்ன வடிவில் இயந்திரம் அதைக் கடைய, வெள்ளைத் தூள் பறந்தது. வெளியே வந்த மூன்று பல் பாலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். யானை வாய்க்குச் செய்தது போல இருந்தது. "சூளையில சுருங்கும் சார்" என்றார் லேப் தம்பி. அதற்காகவே 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைகிறார்கள். ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் வெந்த பிறகுதான் பல்லின் அளவும் உறுதியும் வருகின்றன. மானாமதுரையில் கடம் செய்பவர்களும் மண் சுருங்குவதைக் கணக்கிட்டே வனைகிறார்கள். ஜிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது!

உள்ளே உலோகம் வைத்த பழைய வகைப் பாலங்களில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும். நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு ஒவ்வாமையும் வரும். இதில் அவ்விரண்டும் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் சொந்தப் பல் சொத்தையாவதை எந்தச் செராமிக்கும் தடுக்காது. பாலத்தின் அடியில் தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒரு வாரத்தில் ஒட்டினார்கள். பெரியப்பா இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறார்.

உங்கள் பக்கத்துப் பற்கள் பழுதில்லாதவை என்றால், அராவச் சம்மதிக்கும் முன் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) வைக்க முடியுமா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.