இரண்டாம் படி

மூன்று படிகளில் இரண்டாவது மட்டும் வேறு மாதிரி ஒலித்தது.

முதல் படியில் கால் வைத்தால் ‘டொக்’ என்று வெறும் பெட்டியைத் தட்டியது போல் சத்தம். மூன்றாவதும் அப்படித்தான். நடுப்படி மட்டும் மண் தரையை மிதித்தது போல் மந்தமாக அடங்கிப் போனது. வானொலியில் பத்து வருடமாக ஒலியோடு மல்லுக்கட்டுபவள் நான். ஒரு சத்தம் இடறினால் எனக்குத் தூக்கம் வராது.

இடம், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரை. கடந்த ஆகஸ்டில் மாமாவோடு அடிலெய்டிலிருந்து பெர்த் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் தரைவழியே போனேன். மாமி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, பெர்த்தில் இருக்கும் மகளிடம் போய்விட மாமா முடிவு செய்திருந்தார். விமானத்தில் போனால் மூன்று மணி நேரம். அவரோ ஓர் இழுவை வீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “நீ ஒரு வாரம் லீவு போட்டு வாம்மா, பேச்சுத் துணைக்கு” என்றார்.

கிள்ளான் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கும் தலை, அதன் முதுகில் பின்வண்டியின் மூக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். மாமா வாங்கியதும் அதே ஏற்பாடுதான், அளவில் சிறியது. பிக்கப் வண்டியின் பின்தட்டில் அந்த வீட்டின் மூக்கு உட்காரும். மூக்குக்கு மேலே படுக்கையறை. அதற்கு ஏறிப்போகத்தான் உள்ளே மூன்று படிகள். மாமாவுக்கு முட்டி வலி என்பதால் அவர் கீழே சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுத்துக்கொண்டார். மேல் அறை எனக்கு.

கிலோ கணக்கில் ஒரு வாழ்க்கை

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பே அடிலெய்டு போய்ச் சேர்ந்தேன். வீட்டுக் கூடத்தில் குளியலறைத் தராசு ஒன்று. மாமா ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து எடை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வண்டிகளில் இடப் பற்றாக்குறையைவிட எடைதான் பெரிய தலைவலி. வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று ஒரு தகட்டில் பொறித்திருப்பார்கள். அதில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்கு. எங்களுக்குக் கிடைத்தது சுமார் 400 கிலோ. குடிநீர்த் தொட்டியை நிரப்பினால் அதிலேயே 100 கிலோ போய்விடும். சமையல் கேஸ், மடக்கு நாற்காலி, கருவிகள் எல்லாம் போக, முப்பது வருடக் குடித்தனத்துக்கு மிச்சம் 150 கிலோகூட இல்லை. அம்மி போனது. தையல் மெஷின் போனது. மாமியின் பட்டுப் புடவைகளில் மூன்று மட்டும் வந்தன.

“எடை சரி பண்ணிட்டேன். வைக்கத்தான் இடமில்ல. அதான் படிய குடையலாம்னு பார்க்கிறேன்” என்றார். மாமா ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். தச்சு வேலை அவருக்குக் கைவந்த பொழுதுபோக்கு.

படிகளைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. தொழிற்சாலையில் பலகை அடித்து மூடிவிட்ட கூடு, அவ்வளவுதான். ஆனால் எடுத்த எடுப்பில் ரம்பத்தைப் போட்டுவிடக் கூடாது. 12 வோல்ட் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், சில வண்டிகளில் கேஸ் குழாய்கூடப் படிக்கு அடியில் ஓடும். மாமா முதலில் முன்பலகையில் விரல் அளவு ஓட்டை போட்டு, கைப்பேசியோடு இணையும் சிறிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். ஓரமாக ஒரு மின்கம்பி மட்டும் இருந்தது. அதைச் சுவரோடு ஒட்டிக் கிளிப் போட்டு ஒதுக்கினோம்.

முதல் படிக்கு முன்பக்கம் இழுக்கும் இழுப்பறை. காலணி வைக்க அதைவிட வசதி இல்லை, வாசலிலிருந்து இரண்டடி தூரம்தான். மூன்றாம் படிக்கு மேல்பலகையே மூடி. பின்பக்கம் நீளக் கீல் வைத்து, காரின் பின்கதவைத் தாங்குமே ஒரு கேஸ் கம்பி, அதில் சிறியது ஒன்றைப் பொருத்தினோம். கம்பளியும் துண்டும் அதற்குள்.

பலகையை வெட்டிவிட்டால் படி பலமிழக்கும். அதனால் நான்கு பக்கமும் உள்ளே ரீப்பர் கட்டை அடித்து, ஏறுபவரின் எடை கீலில் இறங்காமல் கட்டைமேல் உட்காரும்படி செய்தார். காந்தத்தை மட்டும் நம்பினால் முதல் குலுக்கலிலேயே இழுப்பறை திறந்துகொள்ளும் என்று தாழ்ப்பாளும் வைத்தார். விளிம்பில் வழுக்காத பட்டை ஒட்டினோம். கனமான சாமான், கேஸ் சிலிண்டர் எதுவும் அங்கே கூடாது. படிகள் வண்டியின் முன்பக்கம் இருப்பதால், அங்கே ஏறும் எடையில் பெரும்பகுதி பிக்கப்பின் முதுகில்தான் விழும். கேஸுக்கோ காற்றோட்டம் வேண்டும்.

“ரெண்டாவது படி மாமா?”

“அது நீ வர்றதுக்கு முந்தியே பார்த்தேன். வெறும் கூடுதான். விட்டுட்டேன்.”

நானும் விட்டுவிட்டேன்.

மரமில்லாத சமவெளி

முதல் இரவு போர்ட் அகஸ்டா, இரண்டாவது செடுனா. செடுனாவைத் தாண்டியதும் கோதுமை வயல்கள் மெலிந்து, பெனோங் என்ற சிற்றூரில் பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. பிறகு நல்லபோர். ‘மரமில்லாத’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். 1841இல் எட்வர்ட் ஜான் ஐர் என்ற ஆங்கிலேயர், வைலி என்ற பூர்வகுடித் தோழரோடு இந்தக் கரையை நடந்தே கடந்தார். நெடுஞ்சாலைக்கு அவர் பெயர்தான். சாலை முழுக்கத் தார் போட்டு முடிந்தது 1976இல்தான்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், வானம். அப்புறம் ஹெட் ஆஃப் பைட். தரை சட்டென முடிந்து கடல் தொடங்கும் அந்த விளிம்பில், மரப்பாதையில் நின்று கீழே பார்த்தால் திமிங்கலங்கள் குட்டிகளோடு மிதந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் குட்டி போட அங்கே வருகின்றன. நான் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். தாய்த் திமிங்கலம் மூச்சு விடும் சத்தம் காற்றில் அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்தது. மாமா கொஞ்சம் பார்த்துவிட்டு, “வண்டியில வேலை இருக்கு” என்று திரும்பிவிட்டார்.

அன்று இரவு நல்லபோர் ரோட்ஹவுஸில் தங்கினோம். எல்லை இன்னும் 180 கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் தகவல் பலகைகள்: மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன், செடி, மண் கொண்டுவரக் கூடாது. ஹெட்லைட் வெளிச்சத்தில் கங்காரு குறுக்கே வந்துவிடும் என்பதால் இருட்டியபின் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிட்டது.

நள்ளிரவில் ஒரு ‘கிளிக்’. முந்தைய இரண்டு இரவுகளிலும் அதே சத்தம் கேட்டிருந்தது. எழுந்து எட்டிப் பார்த்தேன். கைப்பேசி வெளிச்சத்தில் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் படி திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்னப் பூந்தொட்டி. அதில் ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்று. பாட்டில் மூடியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமி வெச்ச மரத்தோட கன்னு” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அந்த மரத்தைத் தெரியும். அடிலெய்டின் குளிரில் மூன்று கன்றுகள் செத்து, நான்காவதைக் கண்ணாடிக் கதவோரம் வைத்து, குளிர்காலத்தில் கோணிப்பை சுற்றிப் பிழைக்க வைத்தார் மாமி. வீட்டை வாங்கியவர்கள் அதை வெட்டிவிட்டு அங்கே கார் நிறுத்தப் போகிறார்கள்.

“பலகையெல்லாம் பார்த்தீங்கல்ல மாமா?”

“பார்த்தேன்.”

“பிடிச்சா அபராதம்.”

“தெரியும்மா. போய்ப் படு.”

படுத்தேன். தூக்கம் வரவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பாட்டியின் பலகை வீடு நினைவுக்கு வந்தது. கால்கள்மேல் நிற்கும் வீடு, வாசலில் மூன்று மரப்படிகள். கடைசிப் படிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். பிறப்புச் சூரா, சிவப்பு அடையாள அட்டை, தாலிக்கொடியின் அடகுச் சீட்டு எல்லாம் அதில்தான். தோட்டத்தை விற்று வீட்டைக் காலி செய்யச் சொன்ன அன்று, சட்டி பானைக்கு முன்னால் பாட்டி எடுத்தது அந்த டின்னைத்தான் என்று அம்மா சொல்வார். அப்போது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது.

எல்லையில்

பார்டர் வில்லேஜில் பிரமாண்டமான கங்காரு சிலை ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. அதிகாரி இளம்பெண், சிரித்த முகம். மாமா இரண்டு வெங்காயத்தையும் பாதித் தேன் பாட்டிலையும் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் ஏறினார். குளிர்பெட்டி, மேல் அலமாரி, முதல் படியின் இழுப்பறை, மூன்றாம் படியின் மூடி, எல்லாம் திறந்து பார்த்தார். பிறகு படுக்கையறையைப் பார்க்க ஏறினார்.

டொக். மந்தம். டொக்.

எனக்கு அது ஒலிபெருக்கியில் வைத்தது போல் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. மேலே பார்த்துவிட்டு இறங்கினார், மறுபடி அதே மூன்று சத்தம். “எல்லாம் சரி, போகலாம்” என்றார். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு நிமிஷம். இன்னொன்று இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார் மாமா.

வலிக்கும் முட்டியை மடக்கி உட்கார்ந்து, பலகையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். கிளிக். தொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

அதிகாரி திட்டவில்லை. என்ன செடி என்று கேட்டார். சொன்னோம். பையில் போடும் முன், ஓர் இலையை மட்டும் தொடலாமா என்று மாமா கேட்டார். பறிக்கவில்லை, விரலிடுக்கில் தேய்த்தார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் சாலையில் இருந்தோம்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில்தான் விரும்பித் தங்கும். நம் மலேசியாவில் அந்த நோய் உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. அடிலெய்டுக் கன்றில் அது எப்படி வரும் என்று மாமா வாதாடியிருக்கலாம். ஆனால் கன்றோடு மண்ணும் வருகிறது, மண்ணோடு என்ன வரும் என்பது யாருக்குத் தெரியும்?

மாமா நூறு கிலோமீட்டர் வரை பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார். “திறக்காம வந்திருந்தா, பெர்த்ல நட்டு தண்ணி ஊத்துறப்பல்லாம் அந்தப் பொண்ணு முகந்தான் ஞாபகத்துக்கு வரும். உன் மாமி முகம் வராது.”

அந்தப் பகுதியில் நேரமே விசித்திரம். எல்லையில் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னால் தள்ள வேண்டும். கைகூனா என்ற ரோட்ஹவுஸுக்குப் பக்கத்தில் மறுபடி 45 நிமிடம். அதோடு பெர்த் நேரம் வந்துவிடுகிறது, அதாவது கோலாலம்பூர், சிங்கப்பூர் நேரம். அதற்குப் பிறகு 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை. “இனிமே உன் நிகழ்ச்சிய நேரம் மாத்திக் கணக்குப் போடாம கேக்கலாம்” என்றார் மாமா. அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இப்போது அந்த வண்டி மகள் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. பகலில் பேத்தியோடு இருந்துவிட்டு, இரவில் மாமா அதில்தான் படுக்கிறார். கறிவேப்பிலைக்குக் குறையில்லை. அடுத்த தெருவில் ஒரு குடும்பம் வேலி தாண்டி வளர்ந்த மரத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொடுக்கிறது. கன்றும் தருகிறோம் என்றார்களாம். மாமா இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

போன வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. இரண்டாம் படியின் மூலையை அழுத்தினால் திறக்கும் என்று ஆறு வயதுப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாளாம். அம்மாவுக்குத் தெரியாமல் பிஸ்கட் வைக்கிறாளாம். தாத்தாவுக்கும் தெரியாது என்று நினைப்பாம்.

“ராத்திரி ஏறுறப்ப சத்தத்துலயே தெரிஞ்சு போச்சும்மா” என்கிறார். “எறும்புதான் வருது. அவளுக்கு ஒரு டின்னு வாங்கிக் குடுக்கணும்.”