கடவுளுக்கு முன்னால் கரை

புரிக்கு அருகே, பார்கவி ஆற்றங்கரையில் உள்ள ரகுராஜ்பூரில் வீட்டுத் திண்ணைகள்தான் கண்காட்சிக் கூடங்கள். ஒடிசி மேதை கேளுசரண் மகாபாத்ரா 1926-ல் பிறந்த ஊர் இது. புளியங்கொட்டைப் பசையும் சுண்ணக்கட்டித் தூளும் பூசிய துணியில், சங்கு வெள்ளையும் விளக்குக்கரிக் கறுப்புமாக ஜகந்நாதர் உருவாகிறார். மரபுப்படி ஓவியர் முதலில் தீட்டுவது கரையைத்தான். கடவுள் அப்புறம்.

வாங்கிப் போகிறவர்கள் சட்டம் போடும்போது முதலில் பலியாவதும் அந்தக் கரைதான். சட்டத்துக்குள் வைக்கும் அட்டை அதை மூடிவிடுகிறது. கரைக்கு வெளியே ஒரு விரற்கடை துணி தெரியும்படி அட்டையை வெட்டச் சொல்லுங்கள். பளீர் வெள்ளை அட்டை சங்கு வெள்ளையை அழுக்காகக் காட்டும். வெளிறிய சந்தன நிறம் பொருந்தும். அமிலமில்லாத அட்டைக்குக் கூடுதல் செலவாகும். ஆனால் மலிவு அட்டை நாளடைவில் பழுப்பேறி, ஓவியத்தையும் கறையாக்கும். கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பனையோலைச் சித்திரத்தைப் பசை போட்டு ஒட்டவே வேண்டாம். ஈரக் காற்றில் ஓலை விரியும், வறட்சியில் சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் வெடிக்கும்.

2019 மே மாதம் ஃபானி புயல் இந்தக் கிராமத்தைச் சூறையாடியது. ஓவியங்கள் பல பாழாயின. புயலை ஓவியர்களால் தடுக்க முடியவில்லை. பழுப்பேறும் அட்டையை வாங்குகிறவர் தடுக்கலாம்.